தலையிடி என்று வந்த பிள்ளைகள்

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை என்று சொல்லி எவரும் எங்களிடம் ஒரு பிள்ளையை அனுப்பியதில்லை. தலையிடி என்று வந்தார்கள். வயிற்றுக்குத்து என்று வந்தார்கள். பாயில் மூத்திரம் போகிறான், காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுகிறாள், கெட்டிக்காரப் பிள்ளை இப்ப கொப்பியைத் தொடுகிறானில்லை என்று வந்தார்கள். வகுப்பாசிரியர் கொடுத்துவிடும் துண்டில் பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: குழப்படி. வடமராட்சியில் முதலில் பாட ஆசிரியையாகவும் பிறகு உளவளத்துணை ஆசிரியையாகவும் இருந்த காலம் முழுக்க அந்தத் துண்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். (இங்கே வரும் பிள்ளைகளின் வயதையும் வீட்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது தாய் தகப்பன்.)

எங்களிடம் வருமுன் பிள்ளை வேறு வாசல்கள் பலவற்றை மிதித்திருக்கும். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, கண் சோதித்து, ஒன்றுமில்லை என்று பனடோல் கொடுத்திருப்பார்கள். கோயிலில் நூல் கட்டியிருப்பார்கள். பார்வை பார்க்கிற ஐயாவிடம் தண்ணீர் ஓதி வாங்கியிருப்பார்கள். கையில் நூல் கட்டிய பிள்ளையைக் கண்டால் எனக்கு ஓர் ஆறுதல். இந்தப் பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று வீட்டில் ஒருவராவது கண்டிருக்கிறார் என்பதற்கு அந்த நூல் சாட்சி. அதை அவிழ்க்கச் சொன்னதே இல்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராக இருந்து, 1998இல் 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற நூலை எழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இந்த விஷயத்தில் பிடிவாதம் பார்த்தவரல்லர். சைவப் பிள்ளைக்கு ஒரு நாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலையும், மூச்சுப் பயிற்சியும் சாந்தி ஆசனமும் சிகிச்சைக்குள் வந்தது அவர் போன்றவர்களால்தான். எங்கள் ஆச்சிமார் படுக்குமுன் செய்துகொண்டிருந்ததைத்தானே நாங்கள் பிறகு தளர்வுப் பயிற்சி என்று படித்தோம்.

சாந்திகம் போன்ற நிறுவனங்கள் யுத்தத்துக்குள்ளேயே ஆற்றுப்படுத்தல் செய்துகொண்டிருந்தன. பாடசாலை ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி வாய்த்தது 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்களும் வந்தார்கள். பயிற்சியில் உட்கார்ந்த எங்களில் எவரும் வெறும் ஆசிரியராக உட்காரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் தென்மராட்சிக்கு நகர்ந்ததே, அதில் நடந்த கால்கள்தான் அநேகமாக அந்த அறையில் இருந்தவை. பக்கத்தில் இருந்தவர் நாகர்கோவில் பக்கத்து ஆசிரியர். 1995 செப்ரெம்பர் 22இல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து இருபதுக்கு மேற்பட்ட மாணவர் இறந்த கதையை அவர் சொல்லத் தொடங்கி, இடையில் எழும்பி வெளியே போய், முகம் கழுவி வந்து முடித்தார். பிள்ளையைச் சொல்ல வைக்கப்போகிறவர் தன் கதையை ஒருமுறையாவது முழுதாய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்தப் பயிற்சியில் நான் எடுத்த முதல் பாடம். இன்றைக்கும் புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அந்தப் பயிற்சி பெற்றவர்களையே கொண்டு வடகிழக்கில் 420 பள்ளிப் பிள்ளைகளை விசாரித்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி அவர்களில் 92 வீதத்தினர் செல்லடி, குண்டுவீச்சு, நெருங்கியவரின் சாவு போன்ற ஏதோ ஒன்றை நேரே கண்டவர்கள். மனவடு நோய் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தோர் 25 வீதம். வெளியூர்க்காரர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். எனக்கு ஆச்சரியம் வேறு: மிச்சம் முக்கால்வாசிப் பிள்ளைகள் எப்படித் தப்பினார்கள்? யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார் என்பதில்தான் அதற்கு மறுமொழி பெரும்பாலும் கிடைத்தது. பங்கருக்குள் தாயின் மடியில் இருந்த பிள்ளைக்கும், மற்றவர்களோடு ஓடிவந்து ஏறி விழுந்த பிள்ளைக்கும் ஒரே செல்லின் சத்தம் ஒரே சத்தமல்ல.

நாங்கள் கையாண்ட முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கயிறு. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்ட வேண்டும். ஒரு முனை பிள்ளை பிறந்த நாள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். இன்றைய நாள் வரைக்கும் வந்ததும் மிச்சக் கயிற்றைச் சுருட்டியே விட்டுவிட வேண்டும், அது இனி வரப்போகும் காலம். பூவுக்குப் பள்ளிக்கூட மதிலோரச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் போதும்.

கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். பன்னிரண்டு வயதிருக்கும். சுனாமியில் தாயை இழந்தவன், அதற்கு முன்பே செல்லடியில் வீட்டை இழந்தவன். வகுப்பில் யார் கதவை அடித்துச் சாத்தினாலும் மேசைக்குக் கீழே போய்விடுவான், மற்றப் பிள்ளைகள் அதற்காகவே கதவை அடித்துச் சாத்துவார்கள். கயிற்றை நீட்டினேன். அவன் முதலில் அதன் முறுக்கைப் பார்த்தான். "இது நல்ல கயிறில்லை ரீச்சர். தண்ணியில ரண்டு நாள் கிடந்தால் இத்துப்போம்." கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை. அடுத்த கிழமை தானே ஒரு கயிறு கொண்டுவந்தான்.

கற்களைச் சிறிதும் பெரிதுமாகப் பொறுக்கி ஒரு பேணியில் வைத்திருந்தேன். அவன் பேணிக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, எழும்பி முற்றத்துக்குப் போனான். பூக்கன்றுக்கு வரம்பு கட்டியிருந்த பெரிய கல்லொன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து, 2004 மார்கழிக்கு நேரே வைத்தான். கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். கொஞ்சநேரம் பேசாமலிருந்து, அதற்கு முட்டுகிற மாதிரி ஒரு செவ்வரத்தம்பூவை வைத்தான். அது என்னவென்று கேட்டேன். "அண்ணா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்."

மிச்சக் கயிற்றைச் சுருட்டச் சொன்னபோது, இது எத்தனை வயது மட்டும் காணும் என்று கேட்டான். நீதான் சொல்ல வேணும் என்றேன். யோசித்துவிட்டு, எழுபது என்றான். "அப்ப கயிறு காணாது ரீச்சர்."

கயிறு தொடக்கம் மட்டும்தான். வேலை அதற்குப் பிறகு. ஒவ்வொரு கல்லிடமும் நின்று, எத்தனை மணி, எங்கே நின்றாய், கையில் என்ன, முதலில் கேட்டது என்ன சத்தம், என்ன மணத்தது, யார் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்று கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். நெஞ்சு படபடக்கும் இடத்தில்தான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும், தாவக்கூடாது. பயம் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பக்கூடாது. பாதியில் மணி அடித்து, பிள்ளையை அப்படியே கணக்குப் பாடத்துக்கு அனுப்பினால் செய்தது சிகிச்சையல்ல, தீங்கு. அடுத்த சந்திப்பில் எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை திருத்தும். "இல்லை ரீச்சர், அது பிறகு. முதலில நாய் குலைச்சது." எது முதல், எது பிறகு என்று பிள்ளை திருத்தத் தொடங்கும் நாளில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அது முடிந்துபோன சம்பவம் அல்ல, ஒவ்வொரு கதவுச் சத்தத்திலும் புதிதாக நடப்பது.

கடைசியில் அந்தக் கதையின் பிரதியைப் பிள்ளையிடம் கொடுப்பது முறை. 2006 ஓகஸ்ரில் ஏ9 மூடப்பட்ட பிறகு அந்த முறை எங்களுக்கு ஒத்துவரவில்லை. எழுதிய கொப்பியைப் பார்த்ததும் ஒரு தாய் வாசலிலேயே நின்றுவிட்டார். "இதை எழுதத்தான் வேணுமோ ரீச்சர்? சென்றியில பையைத் திறந்தால்?" அவர் கேட்டது நியாயம். பிள்ளையின் தமையன் பெயர், இயக்கத்தின் பெயர், ஆமி வந்த தேதி எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. அதற்குப் பிறகு பெயர்களை எழுதவில்லை, ஊர்களை எழுதவில்லை. சில கதைகளை எழுதவேயில்லை, வாயாலேயே திரும்பச் சொன்னோம். யுத்தம் முடிந்த பிறகு செய்யவேண்டிய சிகிச்சையை யுத்தத்துக்குள் இருந்து செய்தால் இப்படித்தான். எந்தக் கைநூலிலும் இதற்கு ஒரு அத்தியாயம் இல்லை.

முறையைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒன்று. சுனாமி நடந்து சில வாரங்களில் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தக் கதைசொல்லும் முறையையும் மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எங்கள் ஊர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதலாவதில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். 31 பேரில் இந்த வித்தியாசம் ஒரு வித்தியாசமே அல்ல. ஆக, நாமம் சொல்லி மூச்சு விட்ட பிள்ளையும் தேறியது, கல்லும் பூவும் வைத்த பிள்ளையும் தேறியது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது, தெரிந்த முகம் ஒன்று சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் என்பது என் கணிப்பு.

அதேபோல, விளையாட்டும் பாட்டும் எல்லாருக்கும் நல்லது என்பதும் அவ்வளவு சரியல்ல. வடக்கில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளிடம் வகுப்பறைக் குழுச் செயற்பாடு நடத்திப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. 15 அமர்வுகள். சில பிள்ளைகளின் குழப்படி குறைந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், சும்மா விடப்பட்ட பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக்கூடக் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு முகம் சுளித்த நண்பர்கள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. குழுவில் எழுந்து நின்று ஆடிப்பாடும் பெண் பிள்ளை, தனியே சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வீட்டுக்குப் போகிறது.

சுனாமிக்குப் பிறகு வந்த நிறுவனங்கள் எத்தனை! எல்லாரிடமும் வர்ணப் பென்சில் இருந்தது. முகாம் பிள்ளைகள் விரைவில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெலியும் பொம்பரும் கீறினால் வெள்ளைக்காரர் பக்கத்தில் வந்து குந்தி இருப்பார், படமும் எடுப்பார். மாமரம் கீறினால் கடந்து போய்விடுவார். ஒரு பிள்ளை என்னிடமே கேட்டது: "உங்களுக்கு எந்தப் படம் வேணும் ரீச்சர்?" ஆறு மாதத்தில் நிதி முடிந்தது, வாகனங்கள் போய்விட்டன. பிள்ளை ஒருவரை நம்பத் தொடங்கும் நேரத்துக்கு அவர் மாற்றலாகிப் போனால், அதுவும் ஓர் இழப்பாகத்தான் அந்தப் பிள்ளையின் கணக்கில் சேரும். இவற்றோடு ஒப்பிட, 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நான் வேறாக வைப்பேன், அது பல ஆண்டுகள் நின்று நடந்தது. நாடகக்காரரையும் அப்படித்தான். குழந்தை ம. சண்முகலிங்கம் 1991இலேயே 'அன்னை இட்ட தீ' நாடகத்தில் யுத்தம் மனதுக்குச் செய்வதை மேடையேற்றிவிட்டார். உளவியல் எங்களுக்குப் பாடமாக வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்.

சில வேளைகளில் சிகிச்சை என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்குச் சின்னக் காரியம் பலன் தரும். வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு, செட்டிகுளம் முகாமுக்குள் இருந்து அம்மம்மாவிடம் வந்துசேர்ந்த பையன். தொடையில் செல் துண்டு. எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று டொக்டர் அப்படியே விட்டிருந்தார். பாடம் நடக்கும்போது கை காற்சட்டைக்கு மேலால் அதையே தடவிக்கொண்டிருக்கும். எங்கள் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அது அடித்ததும் அவன் மேல் முழுக்க வியர்க்கும், அடுத்த பாடம் காதில் ஏறாது. அதிபரிடம் கேட்டு, மணி அடிக்கிற வேலையை அவனிடமே வாங்கிக்கொடுத்தேன். முதலில் பள்ளி விட்ட பிறகு, ஒருவருமில்லாத நேரத்தில், துணி சுற்றிய கம்பியால் மெல்லத் தட்டினான். பிறகு துணி இல்லாமல். பிறகு இடைவேளை மணி. எப்போது அடிக்கும் என்று தெரியாத சத்தம்தான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது. இப்போது அது எப்போது அடிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குத்தான் முதலில் தெரியும். தவணை முடிவில் அவன் அடிக்கிற அடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு சொன்னார்.

எல்லாக் கதையும் இப்படிப் போவதில்லை. எங்கள் முறை முழுவதும் முட்டி நிற்கிற ஓரிடம் உண்டு. அது காணாமற் போன தகப்பன்.

செத்தவருக்குக் கல் வைக்கலாம். எட்டுச் செலவு உண்டு, 31ஆம் நாள் அந்தியேட்டி உண்டு, கீரிமலை உண்டு. அழுகிறதற்கும் அழுது முடிக்கிறதற்கும் நாள் குறித்துத் தந்த சமூகம் இது. 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட தகப்பனுக்கு என்ன நாள்? எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கயிற்றில் அந்த இடத்துக்கு வந்து நின்றான். கல்லைக் கையில் எடுத்தான், வைத்தான். பூவை எடுத்தான், வைத்தான். "ரீச்சர், இதுக்கு எது?" இரண்டும் வேண்டாம், உனக்கு எது சரியெண்டு படுதோ அதை வை என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தான்.

அவன் என்னிடம் வந்த காரணம் ஆடி அமாவாசை. வகுப்பில் தகப்பனில்லாத பையன்கள் விரதம் பிடித்துக் கீரிமலைக்குப் போய்வருகிறவர்கள். அப்பம்மா இவனையும் போகச் சொன்னார்: அந்த ஆத்மா தண்ணிக்கு அலையுது, பிள்ளை. தாய் நெற்றியில் குங்குமத்தோடு வாசலை மறித்தார்: உயிரோட இருக்கிற மனிசனுக்கு நீ எள்ளுத் தண்ணி விடுறதோ? பிள்ளை நடுவில். எதைச் செய்தாலும் ஒருவரைக் கொன்றதாகும். அன்றிலிருந்துதான் தலையிடி.

இந்த இடத்தில் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண். தாயையும் அப்பம்மாவையும் ஒன்றாக இருத்திப் பேசினோம். இருக்கிறார், இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அதைச் சொல்ல வேண்டியது அரசு. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்குக் காணாமற் போனவர் என்றே சான்றிதழ் கொடுக்கவும் வழி வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலிலேயே வீட்டுப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். எங்களால் ஆனது ஒன்று: பெரியவர்களின் வழக்கைப் பிள்ளையின் தலையிலிருந்து இறக்கி வைப்பது. விரதமா இல்லையா என்பது பெரியவர்கள் தங்களுக்குள் முடிவெடுக்க வேண்டியது, அதைப் பிள்ளையிடம் கேட்பதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பையனின் தலையிடி குறைந்தது. தகப்பனைப் பற்றிய மறுமொழி இன்னும் வரவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் அநேகமாக எல்லாரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், இனி யுத்தத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். 296 தமிழ்ப் பிள்ளைகளை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, யுத்தமும் சுனாமியும் தனித்தனியே பிள்ளையைப் பாதித்ததுபோல வீட்டுக்குள் விழுந்த அடியும் பாதித்தது என்று காட்டியது. அந்த அடிக்குப் பின்னால் தகப்பனின் குடி இருந்ததையும் காட்டியது. தடுப்பிலிருந்து வந்து குடிக்கத் தொடங்கிய தகப்பனின் மகன் யுத்தத்தைக் காணவில்லை. ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் படலைச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்கிறான். துண்டில் இப்போதும் அதே சொல்தான் எழுதப்படுகிறது. கூடவே கஞ்சா, ஐஸ் என்று புதுச் சொற்கள்.

அதிபர்மாரிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் கேட்க எனக்கு ஒன்றிரண்டு காரியம் உண்டு. உளவளத்துணை ஆசிரியரை, லீவில் நிற்கிற ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக் காக்க அனுப்பாதீர்கள். நேரசூசியில் அவருக்குரிய பாடவேளையை ரியூசனுக்கும் விளையாட்டுப்போட்டி ஒத்திகைக்கும் பறிக்காதீர்கள். நூலகத்தின் மூலையிலும் படிக்கட்டின் கீழும் மேசை போட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் மனம் திறக்கிறார்களில்லை என்று சொல்லாதீர்கள். சாத்தக்கூடிய கதவுள்ள ஓர் அறையும், கிழமையில் மாறாத ஒரு நேரமும், மூன்று வருடத்துக்காவது மாற்றலாகாத ஓர் ஆசிரியரும் வேண்டும். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை.